படத்தில் வாத்து, பையில் சுண்ணாம்பு

கேள்வி: குளக்கரையில் வாத்துகளுக்காக விதைக்க, சமையலுக்கு விற்கும் குதிரைவாலியை வாங்கித் தூவினேன். இரண்டு வாரமாகியும் ஒன்றுகூட முளைக்கவில்லை. விற்றவர்மீது புகார் செய்யலாமா?

பதில்: உமி நீக்கிய தானியம் அரிசி, அது விதையன்று. அவர் சரியாகத்தான் விற்றார்.

கேள்வி: வாத்துப் படம் போட்ட 20 கிலோ ஜப்பானியக் குதிரைவாலி விதையை, கிலோ விலை குறைவு என்பதால் வாங்கி, ஏக்கருக்கு 10 கிலோ வீதம் விதைத்தேன். பயிர் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கிறது. பையின் அட்டையில் தூய விதை 48%, மேற்பூச்சு 50%, ஏனையவை 2%, முளைப்புத்திறன் 80% என்று உள்ளது. நான் என்ன தவறு செய்தேன்?

பதில்: நீங்கள் பெரிதாக எந்தத் தவறும் செய்யவில்லை, எடையைக் காட்டி உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். பெரும்பாலும் சுண்ணாம்புத் தூளான அந்த மேற்பூச்சைக் கழித்தால் பையில் இருந்தது 9.6 கிலோ விதை. அதிலும் 80% மட்டுமே முளைக்கும் என்பதால், 20 கிலோவுக்குப் பணம் கொடுத்து 7.68 கிலோ உயிருள்ள விதையை வாங்கியிருக்கிறீர்கள். ஏக்கருக்கு விழுந்தது நான்கு கிலோகூட இல்லை. எந்தப் பையாக இருந்தாலும் அதன் எடையைத் தூய விதையின் சதவீதத்தாலும் முளைப்புத்திறனாலும் பெருக்கி, வரும் எடையால் விலையை வகுத்துப் பார்த்தால், மலிவான பை பெரும்பாலும் மலிவாக இராது. இந்தக் கணக்கைப் பையின் முன்பக்கத்தில் அச்சிடச் செய்ய வேண்டும் என்று நான் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். முன்பக்கத்தில் இன்றும் வாத்துதான் பறக்கிறது. அட்டையில் முளைப்புச் சோதனை நடந்த மாதத்தையும் பாருங்கள்; ஐயமிருந்தால் நூறு விதைகளை ஈரத்தாளில் சுருட்டி ஒரு வாரம் கழித்து எண்ணுங்கள். அட்டையையும் ஒரு பிடி விதையையும் பத்திரப்படுத்தி விற்றவரிடம் நட்டஈடு கேளுங்கள். இப்பயிர் ஏறக்குறைய 60 நாளில் முதிர்வதால், வெப்பமான பருவம் அவ்வளவு எஞ்சியிருந்தால் வெற்றிடங்களில் மீண்டும் தூவலாம்.

கேள்வி: வாத்து, காடை, புறா எல்லாவற்றுக்கும் ஒரே கலப்பு விதை கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: நான் ஒருமுறை வாங்கினேன். சேற்றையும் ஆழமற்ற நீரையும் தாங்கும் ஜப்பானியக் குதிரைவாலியோடு, நீர் தேங்கினால் அழுகிப்போகும் பனிவரகையும் அதில் கலந்திருந்தார்கள். தாழ்ந்த பகுதியில் ஒன்று செத்தது, மேட்டில் மற்றொன்று சோர்ந்து நின்றது, இரண்டுக்கும் பணம் கொடுத்தவன் நான். வடிகாலுள்ள மேட்டில் புறாவுக்கும் காடைக்கும் பனிவரகோ குலசாமையோ, ஈரத்தில் வாத்துக்கு ஜப்பானியக் குதிரைவாலி என்று தனித்தனியே வாங்குங்கள்.

கேள்வி: விதைத்த மூன்றாம் நாளே வாத்துகள் வரட்டுமென்று நீரை விட்டேன். இப்போது வெறும் சேறுதான். விதை போலியா?

பதில்: விதைமீது பழிபோடாதீர்கள். முளையை மூழ்கடித்தது நீங்கள். பயிர் ஒரு சாண் உயரம் வளரும்வரை மண்ணில் ஈரம் மட்டும் போதும். கதிர் முதிர்ந்த பின் 15 முதல் 25 செ.மீ. நீர் நிறுத்தினால், தலையை மட்டும் அமிழ்த்தி மேயும் வாத்துகளுக்கு எட்டும்.

கேள்வி: நான் அமெரிக்காவில் இருக்கிறேன். வேட்டைப் பருவத்துக்கு முன் கதிர்களை வெட்டிச் சாய்த்தால் வாத்துகள் குவியும் என்று வெட்டும் இயந்திரம் விற்பவர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாத்துக்காக வாங்காதீர்கள். உங்கள் நாட்டின் கூட்டாட்சி விதிப்படி, நிற்கும் பயிரில் நீர் நிரப்பி வாத்து வேட்டையாடலாம்; பயிரை வெட்டித் தானியத்தைச் சிதறவிட்டால் அது வாத்து வேட்டை கூடாத, இரை போட்ட இடமாகிவிடும், தானியம் முழுவதும் அகன்ற பின்னும் 10 நாள் அவ்வாறே கருதப்படும். புறா வேட்டைக்கு வெட்டிச் சாய்க்கத் தடையில்லை. விற்பவர் இந்த வேறுபாட்டைச் சொல்லியிருக்க வேண்டும். அபராதம் கட்டப்போவது அவரல்லர்.

கேள்வி: மீந்த சிவப்புச் சாய விதையை வீணாக்காமல் பறவைகளுக்குக் கொட்டலாமா?

பதில்: கூடவே கூடாது. பூஞ்சைக்கொல்லியோ பூச்சிக்கொல்லியோ பூசியிருப்பதை எச்சரிக்கவே அந்தச் சாயம்.