யூசர் கையில் கொடுத்துப் பார்க்கும்போது: புரோட்டோடைப் டெஸ்டிங் கேள்வி பதில்

மேடம், கல்லூரி புராஜெக்டுக்காக பஸ் பாஸ் ஆப் ஒன்றின் புரோட்டோடைப்பை, அதாவது முன்மாதிரியை, காகிதத்தில் வரைந்திருக்கிறோம். எத்தனை பேரிடம் காட்ட வேண்டும்? எங்கள் கைடு 30 பேர் என்கிறார்.

குறைகளைக் கண்டுபிடிப்பதுதான் நோக்கம் என்றால் ஒரு சுற்றுக்கு 5 பேர் போதும். ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டாவரும் 1993-ல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த கணக்கு இது. ஒருவர் சராசரியாக 31% சிக்கல்களைக் காட்டிக்கொடுப்பார். 5 பேர் முடிவதற்குள் சுமார் 85% வெளியே வந்துவிடும். அதன்பின் வருகிறவர்கள் பெரும்பாலும் அதே இடங்களில்தான் தடுமாறுவார்கள். 15 பேர் கிடைத்தால் மூன்று சுற்றாகப் பிரித்து, நடுநடுவே திருத்துங்கள். மாணவர், கண்டக்டர் இருவருமே ஆப்பைப் பயன்படுத்துவார்கள் என்றால் இரண்டு தரப்பையும் தனித்தனியே பார்க்க வேண்டும். இத்தனை சதவீதம் பேரால் செய்ய முடிந்தது என்று எண்ணிக்கை காட்டத்தான் கைடு சொல்லும் 30 தேவைப்படும்.

யாரிடம் காட்டினாலும் "நல்லா இருக்குங்க" என்கிறார்கள். அதை வைத்து என்ன செய்வது?

ஒன்றும் செய்ய முடியாது. தேடி வந்து கேட்பவரிடம் முகத்துக்கு நேரே குறை சொல்ல நம்மவர்களுக்கு மனசு வராது. அதனால் "பிடிச்சிருக்கா?" என்ற கேள்வியையே விட்டுவிடுங்கள். ஒரு வேலையைக் கொடுங்கள்: "அடுத்த மாத பாஸைப் புதுப்பித்துக் காட்டுங்க. மனசுல ஓடுறதை வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே செய்யுங்க." சோதிப்பது இந்தக் காகிதத்தைத்தான், அவரை அல்ல என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்புறம் வாயைத் திறக்காதீர்கள். இதுதான் கஷ்டம். அவர் விரல் தாளுக்கு மேலே நிற்கும், உங்களுக்கோ உதவ மனசு துடிக்கும். பொறுங்கள். "இது எதுக்கு?" என்று கேட்டால், "நீங்க என்னன்னு நினைக்கிறீங்க?" என்று திருப்பிக் கேளுங்கள். குறிப்பில் "குழம்பினார்" என்று எழுதாதீர்கள். "பாஸ் படத்தைத் தொட்டார், ஒன்றும் நடக்கவில்லை, மறுபடி அதையே தொட்டார், கீழே இருந்த பட்டனைப் பார்க்கவே இல்லை" என்று எழுதுங்கள். எதைத் திருத்த வேண்டும் என்பது அந்த வரியிலேயே இருக்கிறது.

இன்னொரு வழி, இரண்டு வடிவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது. ஒன்றைக் குறை சொல்லத் தயங்குபவர்கூட, ஒப்பிடச் சொன்னால் தாராளமாகப் பேசுவார்.

ஒரே ஒருவர் சொன்னதற்காக டிசைனை மாற்றலாமா?

அவர் சொன்னதற்குப் பின்னால் என்ன காரணம் இருக்கிறது என்று பாருங்கள். நிறம் பிடிக்கவில்லை என்றால் குறித்துக்கொண்டு நகரலாம். ஆனால் எம்ப்ரேஸ் கதையைக் கேளுங்கள். 2007-ல் ஸ்டான்போர்டு வகுப்பு ஒன்றில் தொடங்கியது, எடை குறைந்த பச்சிளம் குழந்தைகளுக்கான கதகதப்புப் பை. உள்ளே வைக்கும் மெழுகு போன்ற பொருள் சில மணி நேரம் 37 டிகிரியைத் தக்கவைக்கும். பையின் சூட்டைக் காட்ட எண்களோடு ஓர் அளவுகோல் இருந்தது. இந்தியக் கிராமம் ஒன்றில் ஒரு தாய், இங்கிலீஷ் மருந்து வீரியமானது, டாக்டர் ஒரு ஸ்பூன் சொன்னால் நாங்கள் அரை ஸ்பூன்தான் கொடுப்போம், ஆகவே 37 என்றால் நான் 30-லேயே வைப்பேன் என்கிற மாதிரிச் சொன்னார். குழந்தையின் உயிருக்கே ஆபத்தான குறைப்பு அது! குழு எண்களை எடுத்துவிட்டு, சரி அல்லது சரியில்லை என்று மட்டும் காட்டும்படி மாற்றியது. சொன்னது ஒருவர்தான், ஆனால் அந்தப் பழக்கம் அவர் ஒருவருடையது அல்ல. எனக்குத் தெரிந்து, ஆய்வுக்கூடத்தில் எத்தனை நாள் உட்கார்ந்தாலும் இது தெரிந்திருக்காது.

புரோட்டோடைப் எவ்வளவு கச்சிதமாக இருக்க வேண்டும்? கோடிங் முடிந்த பிறகு காட்டினால் என்ன?

காட்டலாம், ஆனால் மாற்ற உங்களுக்கே மனசு வராது. பாம் பைலட் என்ற கையடக்க டிஜிட்டல் டைரி 1996-ல் கடைக்கு வருவதற்கு முன், அதை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ் அந்த அளவில் ஒரு மரக்கட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தார். யாராவது சந்திக்க நேரம் கேட்டால் கட்டையை எடுத்துக் குறிப்பது போலப் பாவனை செய்வார். பையில் அடங்குமா, எதற்கெல்லாம் எடுக்கத் தோன்றுகிறது என்ற கேள்விகளுக்குக் கட்டையே போதுமானதாக இருந்தது. உங்கள் கேள்வி எதுவோ, அதற்குப் பதில் தரும் அளவுக்குச் செய்தால் போதும்.

எங்கள் டீமில் டிசைன் செய்த நண்பன் டெஸ்டிங்கின் நடுவே புகுந்து விளக்கம் கொடுத்துக்கொண்டே இருக்கிறான். என்ன செய்ய?

அவனைக் குறிப்பெடுக்கும் வேலையில் போடுங்கள், யூசருக்குப் பின்னால் உட்காரவையுங்கள். பேசுவது ஒருவர் மட்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள். அவன் சொல்லத் துடிக்கும் விளக்கங்களையெல்லாம் தாளில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த சுற்றுக்கு முன் திருத்த வேண்டிய இடங்கள் அவைதான்.