217 எபிசோடும் பார்க்கணுமா? – கடிதம்

அன்புள்ள அண்ணா,

திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை, வீடு தண்டையார்பேட்டை. காலேஜ் படிக்கும்போது, சூப்பர்மேன் ஆவதற்கு முந்தைய கிளார்க் கெண்டின் கதையைச் சொல்லும் 'ஸ்மால்வில்' என்ற அமெரிக்கத் தொடரை முழுக்கப் பார்த்தேன். இப்போது மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன். "முக்கியமான எபிசோடுக்கெல்லாம் லிஸ்ட் இருக்கு, அதை மட்டும் பாரு. அவன் சூப்பர்மேன் ஆகப்போறான்னு தெரிஞ்ச கதைதானே" என்கிறான் தம்பி. நைட் ஷிப்ட் முடிந்து வந்து உட்காரும்போது சில நாள் எனக்கும் அது சரி என்றுதான் படுகிறது. நீங்களும் சமீபத்தில் முழுத் தொடரையும் மறுபடி பார்த்ததாக எழுதியிருந்தீர்கள். தாண்டித் தாண்டிப் பார்க்கலாமா?

கே., தண்டையார்பேட்டை

அன்புள்ள கே.,

முதல் மூன்று சீசனில் எதையும் தாண்டாதீர்கள். நாலாவதில் கிளார்க் காதலிக்கும் லானா சூனியக்காரியாகும் பகுதி வந்தால் தயங்காமல் தாண்டுங்கள்.

தம்பியின் கணக்கில் தப்பில்லை. 2001 அக்டோபரில் தொடங்கி 2011 மே வரை பத்து சீசன், 217 எபிசோடு. ஒன்றுக்கு 42 நிமிடம் வைத்தாலும் 150 மணி நேரத்தைத் தாண்டுகிறது. அன்றைய அமெரிக்கச் சேனல்களுக்கு ஒரு சீசனுக்கு இருபது, இருபத்திரண்டு எபிசோடு வேண்டும். அத்தனை வாரத்துக்கும் பெரிய கதை யாரிடம் இருக்கும்? அதனால் விண்கல் பட்டு ஏதோ ஒரு சக்தி வந்த ஆள் வாரத்துக்கு ஒருவன் கிளம்புவான், கிளார்க் அவனை அடக்குவான். பட்டியல் போடுகிறவர்கள் முதலில் வெட்டுவது இவற்றைத்தான்.

ஆனால் அந்த அடிதடிக்கு நடுவில்தான் கிளார்க், பின்னாளில் எதிரியாகப் போகும் தன் பணக்கார நண்பன் லெக்ஸின் மாளிகைக்குப் போவான். லெக்ஸ் பில்லியர்ட்ஸ் ஆடிக்கொண்டிருப்பான். இரண்டு நிமிடம் பேசுவார்கள், ஒன்றும் நடக்காது. கிளார்க் ஏதாவது பொய் சொல்வான். அது பொய் என்று தெரிந்தும் லெக்ஸ் சிரித்துக்கொண்டு விட்டுவிடுவான். வாராவாரம் இதைப் பார்த்துப் பழகியவனுக்குத்தான், மூன்றாம் சீசன் முடிவில் கிளார்க் லெக்ஸின் ரகசிய அறைக்குள் நுழைந்து, தன்னைப் பற்றியே அவன் சேர்த்து வைத்திருப்பதை எல்லாம் பார்க்கும்போது வலிக்கும். பட்டியலை வைத்துப் பார்ப்பவனுக்கு அது வெறும் தகவல்.

முதல் சீசனின் எட்டாவது எபிசோடு ஞாபகம் இருக்கிறதா? லெக்ஸ் அந்த ஊருக்கு வருவதே அப்பாவின் உரத் தொழிற்சாலையை நடத்தத்தான். அங்கே துப்புரவு வேலை பார்த்த ஏர்ல் என்பவருக்கு உடம்பு நிற்காமல் நடுங்குகிறது. ஒருகாலத்தில் கெண்ட் பண்ணையிலும் வேலை செய்தவர். மூன்றாம் தளத்தில் நடந்த ஏதோ சோதனைதான் காரணம் என்கிறார். கம்பெனியோ அப்படி ஒரு தளமே கிடையாது என்கிறது. ஆலையைச் சுற்றிப் பார்க்க வந்த கிளார்க்கின் வகுப்பையே ஏர்ல் பிணையாகப் பிடித்துக்கொள்கிறார். பிள்ளைகளுக்குப் பதிலாக லெக்ஸ் உள்ளே போகிறான். அப்பா சொன்னதை அவனும் நம்பியிருக்கிறான். உள்ளே போனால் மூன்றாம் தளம் இருக்கிறது!

முதல் தடவை பார்த்தபோது கிளார்க் எப்படிக் காப்பாற்றப் போகிறான் என்பதில்தான் என் கண் இருந்தது. இந்தத் தடவை ஏர்லைத்தான் பார்த்தேன். மணலிக்கும் எண்ணூருக்கும் பக்கத்தில் இருக்கும் நமக்கு இந்த ஆளைத் தெரியாதா? 2023 டிசம்பரில் எண்ணூர்க் கடலோரத்தில் உர ஆலைக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, பெரியகுப்பம் மக்கள் நடுராத்திரியில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்களே. எங்கள் தெருவில் ரிட்டயர் ஆன ஒருவர் இருக்கிறார், ஓயாத இருமல். உங்கள் வேலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று எழுதிக் கொடுத்த காகிதத்தை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார். ஏர்லின் கையில் துப்பாக்கி இருந்ததால் வில்லன் ஆனார், அவ்வளவுதான்.

கிளார்க்கை எடுத்து வளர்த்த அப்பா ஜோனத்தனின் பிடிவாதமும் இந்தத் தடவைதான் புரிந்தது. ஆற்றில் விழுந்த லெக்ஸைக் காப்பாற்றியதற்கு அவன் கிளார்க்குக்குப் புது டிரக் அனுப்புகிறான். திருப்பிக் கொடு என்கிறார் அப்பா. நம் தெருவாக இருந்தால் அதற்குள் மாலை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்கியிருப்போம். ஆனால் லெக்ஸின் குடும்பம் பக்கத்துப் பண்ணைகளை எப்படி வாங்கியது என்று பார்த்தவர் அவர். அந்தப் பணத்தைத் தொட அவருக்கு மனசு வரவில்லை.

நூறாவது எபிசோடில் அவர் இறந்துபோவது உங்களுக்குத் தெரியும். அதன் வேர் மூன்றாம் சீசன் தொடக்கத்திலேயே இருக்கிறது. ஊரைவிட்டு ஓடிப்போன மகனைத் திருப்பிக் கூட்டிவர கிளார்க்கைப் பெற்ற வேற்றுக்கிரகத் தந்தை ஜோர்-எல்லிடம் சக்தியை வாங்குகிறார், அதிலேயே இதயம் கெடுகிறது. தாண்டிப் பார்த்தால் திடீர் மாரடைப்பு மாதிரி தெரியும். வரிசையாகப் பார்த்தால் மகனுக்காக இரண்டு வருஷமாகச் செத்துக்கொண்டிருந்த மனிதர்.

அப்புறம், ஒரே மூச்சில் ஆறு ஏழு எபிசோடு போடாதீர்கள். வாரத்துக்கு ஒன்று என்று எடுத்தவை அவை. சேர்த்துப் பார்த்தால் கிளார்க்கின் பலத்தைப் பறிக்கும் அதே பச்சைக் கல், அதே மயக்கம், கிளார்க்கும் லானாவும் அதே களஞ்சியத்தில் நின்று அதே பேச்சு. நாளுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு போதும்.

ஏழாம் சீசனோடு லெக்ஸாக நடித்த மைக்கேல் ரோசன்பாம் விலகிவிட்டார். என்னைப் பொறுத்தவரை தொடரின் பாதி உயிர் அவரோடு போயிற்று. பறக்கக் கூடாது, சூப்பர்மேன் உடையும் போடக் கூடாது என்று தயாரிப்பாளர்கள் முதலிலேயே வைத்துக்கொண்ட விதி ஆரம்ப சீசன்களுக்கு அழகாகப் பொருந்தியது. ஒன்பதாவதில் வரும்போது, 'பறந்து தொலையேன்டா' என்று நாமே கத்துகிறோம். கடைசி எபிசோடுக்கு ரோசன்பாம் திரும்ப வருகிறார். அதுவரை உள்ளவற்றை நைட் ஷிப்ட் முடிந்து வரும் காலைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் தூங்கிவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை.