மாடியில் கோபுரம், காதில் போன்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் செல்போன் கோபுரம் வரப்போகிறது. வீட்டை விற்றுவிடலாமா? – வாசகி, பாளையங்கோட்டை

விற்க வேண்டாம். கோபுரத்து ஆன்டெனா கலங்கரை விளக்கத்தைப் போல அலைகளைப் பக்கவாட்டில் தூரத்துக்கு வீசும், காலடியில் கொட்டாது. கோபுரத்து அலைகளுக்கான பன்னாட்டு வரம்பில் பத்தில் ஒரு பங்கையே 2012 செப்டம்பரில் இந்தியா தன் வரம்பாக வைத்தது. அந்தக் கணக்கில், செல்போன் பயன்படுத்தும் அலைவரிசைகளில் ஒன்றான 900 மெகாஹெர்ட்ஸில், வரம்பு சதுர மீட்டருக்கு அரை வாட்டுக்கும் கீழே. உங்கள் தலைக்கு வரும் ரேடியோ ஆற்றலில் பெரும்பங்கு காதோடு ஒட்டிய போனிலிருந்து வருகிறது. சிக்னல் நலிந்த இடத்தில் போன் தன் சக்தியைக் கூட்டிக்கொள்ளும். கோபுரம் அருகில் இருந்தால் குறைத்துக்கொள்ளும். இதைப் பலமுறை எழுதிவிட்டேன், இனியும் எழுதுவேன்: போனைக் காதிலிருந்து தள்ளி வையுங்கள்.

உலக சுகாதார நிறுவனமே செல்போனைப் புற்றுநோய்ப் பட்டியலில் வைத்திருக்கும்போது நீங்கள் ஏன் பூசி மெழுகுகிறீர்கள்? – வாசகர், சேலம்

பட்டியலை முழுதாகப் படித்தபின் கோபப்படுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அங்கமான, பிரான்சின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2011 மே மாதம் ரேடியோ அலைகளை '2பி' பிரிவில் சேர்த்தது. சான்று குறைவு, ஆனால் ஒதுக்கிவிடவும் முடியாது என்றால் அந்தப் பிரிவு. அப்போது கையில் இருந்த பெரிய ஆய்வு, 13 நாடுகளில் நடந்த 'இன்டர்போன்'. மிக அதிகமாகப் பேசிய பத்தில் ஒரு பங்கினருக்கு மூளைக் கட்டி சுமார் 40 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது. ஆனால் மற்றப் பயனாளர்களுக்கோ போனே இல்லாதவர்களைவிடக் குறைவாகத் தெரிந்தது! நோய் வந்தபின் 'எவ்வளவு பேசினீர்கள்' என்று நினைவிலிருந்து கேட்டால் இப்படித்தான் கணக்கு கோணும்.

அதன்பின் டென்மார்க்கில் மூன்றரை லட்சம் சந்தாதாரர்களையும் பிரிட்டனில் ஏறக்குறைய எட்டு லட்சம் பெண்களையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள், கட்டிகள் கூடவில்லை. உலக சுகாதார நிறுவனம் கேட்டு 2024இல் வெளியான தொகுப்பாய்வு 63 ஆய்வுகளை எடைபோட்டு அதே முடிவுக்கு வந்தது. நீங்கள் 2011இலேயே நின்றுவிட்டீர்கள்.

அமெரிக்காவில் எலிகளுக்குக் கட்டி வந்ததே? – ஆசிரியர், தஞ்சாவூர்

வந்தது. அமெரிக்கத் தேசிய நச்சியல் திட்டம் 2018இல் வெளியிட்ட அந்த ஆய்வை ஒதுக்கக் கூடாது என்பதே என் கருத்து. ஆனால் எலிகளின் முழு உடலிலும், நாளுக்கு ஒன்பது மணி நேரம், இரண்டு ஆண்டுகள் செல்போன் அலைகளைச் செலுத்தினார்கள். ஆண் எலிகளுக்கு இதயத்தில் நரம்புறைக் கட்டி கூடியது; பெண் எலிகளில் அந்தத் தெளிவு இல்லை. அலை பட்ட ஆண் எலிகள் படாதவற்றைவிட அதிக நாள் வாழ்ந்தன என்பதையும் வகுப்பில் சொல்லுங்கள்.

என் போனின் 'சார்' அளவு சரியா? – வாசகர், ஈரோடு

எந்தப் போன்? மாடலை எழுதாமல் கேட்டால் நான் எதைப் பார்த்துச் சொல்வது? *#07# என்று அழுத்துங்கள், பெரும்பாலான போன்களில் திரையிலேயே வரும். 'சார்' என்பது போனின் அலையை உடல் எவ்வளவு உறிஞ்சுகிறது என்னும் அளவு; இந்திய வரம்பு உடல் எடை கிலோவுக்கு 1.6 வாட். அது உச்ச சக்தியில் அளந்த எண், 0.9 போன் 1.2 போனைவிட நல்லது என்று பொருளல்ல.

கதிர்வீச்சைத் தடுக்கும் சிப், கழுத்தில் அணியும் பதக்கம் இரண்டையும் உறவினர் விற்கிறார். கர்ப்பிணி மகளுக்கு வாங்கலாமா? – வாசகி, நாமக்கல்

வாங்காதீர்கள். மகள் ஏற்கெனவே பதக்கத்தை அணிந்திருந்தால் இன்றே கழற்றச் சொல்லுங்கள்.

மாதம் தவறாமல் இந்தக் கேள்வி வருகிறது. ஒவ்வொரு முறையும் மனம் கொதிக்கிறது. பயந்திருக்கும் கர்ப்பிணிகளையும் தாய்மார்களையும் தேடிப்பிடித்து விற்கிறார்கள். போனின் பின்புறம் ஒட்டும் சிப் அலையை மறைக்கவில்லை என்றால் அது வெறும் ஸ்டிக்கர். உண்மையிலேயே மறைத்தால் இன்னும் மோசம்: கோபுரத்தை எட்ட முடியாமல் போன் சக்தியைக் கூட்டும். அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் இத்தகைய விற்பனையாளர்கள் மீது 2002இலேயே வழக்குத் தொடுத்தது.

பதக்கத்தின் கதை கொடியது. 'குவான்டம்', 'ஸ்கேலார் ஆற்றல்', '5ஜி தடுப்பு' என்று பல பெயர்கள். கூட்டத்தில் ஒருவரை எழுப்பி, கையை நீட்டச் சொல்லி அழுத்திக் காட்டி, 'பதக்கம் போட்டதும் பலம் வந்துவிட்டது' என்பார்கள். நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு ஆணையம் 2021 டிசம்பரில் இப்படிப்பட்ட பத்துப் பொருள்களைச் சோதித்து எச்சரித்தது. அவை கதிரியக்கம் உள்ளவை! போனின் ரேடியோ அலை அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்க்க வலுவில்லாதது. இந்தப் பதக்கங்களிலிருந்து வருவதோ அதைப் பிய்க்கக்கூடிய அயனியாக்கும் கதிர்வீச்சு. இல்லாத ஆபத்துக்குப் பயந்து, இருக்கும் ஆபத்தை நாள் முழுதும் மார்பில் சுமக்கிறார்கள். நீரில் ஊறவைத்துக் குடிக்கச் சொல்பவர்களும் உண்டு; அதை எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். உடைக்கவோ பொடிக்கவோ வேண்டாம். உறவினர் மனம் நோகுமே என்று தயங்கவும் வேண்டாம். மகள் பேசும்போது ஸ்பீக்கரைப் போட்டுப் போனை ஓர் அடி தள்ளி வைக்கட்டும். காசு செலவில்லை.

சிட்டுக்குருவிகளைக் கொன்றது கோபுரம்தானே? – மாணவர், காஞ்சிபுரம்

பிரிட்டனில் குருவிகள் 1970களின் பிற்பகுதியிலேயே குறையத் தொடங்கின. அங்கே செல்போன் சேவை வந்தது 1985இல்.

வைஃபை இருக்கும் அறையில் எனக்குத் தலை வலிக்கிறது. யாரும் நம்புவதில்லை. – வாசகி, கோயம்புத்தூர்

வலி உண்மை, அதை நான் நம்புகிறேன். காரணம்தான் வேறாக இருக்க வேண்டும். உங்களைப் போன்ற ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம், கருவி இயங்குகிறதா இல்லையா என்று அவர்களுக்கும் சோதிப்பவருக்கும் தெரியாமல் சோதித்திருக்கிறார்கள். அலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வலி ஒரே மாதிரி வந்தது. ரூட்டரைக் குறை சொல்லிக்கொண்டு நாளைக் கடத்தாமல் கண், இரத்த அழுத்தம், தூக்கம் மூன்றையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கால்சட்டைப் பையில் போன் வைத்தால் விந்தணு குறையுமா? – பெயர் வேண்டாம் என்றவர்

சுவிட்சர்லாந்தில் சுமார் 2,900 இளைஞர்களைப் பார்த்த ஆய்வு 2023இல் வந்தது. நாளுக்கு இருபது முறைக்கு மேல் போனைப் பயன்படுத்தியவர்களுக்கு எண்ணிக்கை சற்றுக் குறைவு. ஆனால் பையில் வைப்பதற்கும் குறைவுக்கும் தொடர்பு தெரியவில்லை. புகைக்கிறீர்களா என்பதை நீங்கள் எழுதவில்லை. அதை முதலில் நிறுத்துங்கள்.

அப்பாவுக்குப் பேஸ்மேக்கர் உண்டு. போன் பேசலாமா? – வாசகர், நாகர்கோவில்

பேசலாம். கருவியிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளியே இருக்கட்டும். சட்டைப் பை கூடாது. கருவி இடப்பக்கம் என்றால் வலக் காதில் பேசச் சொல்லுங்கள்.