இலவச நுழைவை நம்பி மூன்று மாதம் போகலாமா?

கேள்வி: நானும் மனைவியும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், திருச்சிப் பக்கம். 2027 பொங்கல் முடிந்ததும் கிளம்பி, சித்திரை பிறப்பதற்குள் திரும்புவது போல மூன்று மாதம் வெளிநாட்டில் இருக்க ஆசை. முதலில் தைப்பூசத்துக்கு மலேசியா. அப்புறம் தாய்லாந்தின் சியாங் மாயில் வீடு எடுத்துத் தங்கலாம், விசா இல்லாமலே 60 நாள் தருகிறார்கள், முடிந்ததும் லாவோஸ் எல்லையைத் தொட்டுத் திரும்பினால் புதிதாக நாள் கிடைக்கும் என்கிறார் மாப்பிள்ளை. அங்கிருந்து சாலை வழியாக அங்கோர் வாட். விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன, வேண்டாம் என்கிறாள் மகள். எல்லா டிக்கெட்டையும் இப்போதே போட்டால் மலிவு என்கிறார் ஏஜென்ட். மனைவிக்கு இளைப்பு உண்டு. இருவரும் சைவம். என் பாஸ்போர்ட் 2027 ஆகஸ்ட் தொடக்கத்தில் முடிகிறது. என்ன செய்யலாம்?

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள் ஐயா. ஆனால் இந்தத் திட்டத்தோடு வேண்டாம்.

மாப்பிள்ளை சொன்ன 60 நாள் கற்பனை இல்லை. அந்த 60 எப்படி வந்தது என்று பாருங்கள். 2023 நவம்பர் வரை இந்தியர்கள் 2,000 பாட் கட்டி, விமான நிலையத்திலேயே 15 நாள் விசா வாங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த நவம்பர் 10 முதல் கட்டணம் இல்லாமல் 30 நாள் என்றார்கள். ஆறு மாதச் சலுகையாக வந்தது, இன்னும் ஆறு மாதம் நீண்டது. அது முடிவதற்குள்ளேயே, 2024 ஜூலை 15 அன்று, இந்தியா உட்பட 93 நாட்டுக்காரர்களுக்கு 60 நாள் என்று அறிவித்தார்கள். ஒரு வருடம்கூட ஆகவில்லை, சுற்றுலா என்று வந்து வேலை பார்க்கிறார்கள், அனுமதியில்லாமல் தொழில் நடத்துகிறார்கள் என்று புகார் கிளம்பியது. 2025லேயே அதை 30 நாளாகக் குறைக்க வேண்டும் என்ற பேச்சு அரசுக்குள் எழுந்துவிட்டது. இப்படி ஆடும் எண்ணை நம்பி, 2027 பிப்ரவரிக்கு வீட்டு வாடகை முன்பணம் கட்டுவதா?

விசா இல்லாத நுழைவு அடுத்தவர் வீட்டுத் திண்ணை மாதிரி. உட்காரச் சொன்னவர் எழுந்திருக்கச் சொன்னால் காரணம் கேட்க முடியாது. ஒரு மாத அவகாசத்தில் விதியை மாற்றலாம், நீங்கள் இறங்கும் நாளில் என்ன விதியோ அதுதான் உங்களுக்கு. கட்டணம் கட்டி, தேதி போட்டு, கையில் வாங்கிய விசா அப்படி இல்லை. அதனால் நீண்ட தங்கலைக் கையில் விசா கிடைக்கும் நாட்டில் வையுங்கள், இலவச நாடுகளில் குறைந்த நாள் இருங்கள்.

எல்லையைத் தொட்டுத் திரும்பும் யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள். விசா ரன் என்று அதற்கு ஒரு பெயரே இருக்கிறது. தாய்லாந்துக் குடிவரவுத் துறை 2025 நவம்பரில் இதன் மீது கெடுபிடியை அறிவித்தது. மறு நுழைவைத் தருவதும் மறுப்பதும் கவுன்டரில் இருக்கும் அதிகாரி கையில். மறுத்தால், சியாங் மாய் வீட்டில் பெட்டிகள் இருக்கும், நீங்கள் இருவரும் லாவோஸ் பக்கம் நிற்பீர்கள். இந்த வயதில் எதற்கு அந்த அவஸ்தை?

விசாவை விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வட தாய்லாந்தில் வயல் தாள்களையும் காட்டையும் எரிப்பார்கள். மலை சூழ்ந்த பள்ளத்தாக்கில் இருப்பதால் புகை சியாங் மாயை விட்டு நகராது. உலகிலேயே காற்று மோசமான நகரங்களின் பட்டியலில் அந்த வாரங்களில் அது முன்வரிசைக்கு வந்துவிடும். அந்தப் பருவத்தில்தான் இளைப்பு உள்ள உங்கள் துணைவியாரை அங்கே இரண்டு மாதம் வைக்கப் போகிறீர்கள். மாப்பிள்ளை பார்த்த படங்கள் நவம்பரில் எடுத்தவையாக இருக்கும்.

என் யோசனை வியட்நாம். 2023 ஆகஸ்ட் 15 முதல் எல்லா நாட்டினருக்கும் 90 நாள் இ-விசா, அதாவது இணையத்திலேயே வாங்கும் விசா, தருகிறார்கள். ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50 டாலர். நடுவில் கம்போடியா போய்த் திரும்பலாம் என்பதால் நீங்கள் 50 டாலர் விசாவையே வாங்குங்கள். 25 டாலரை மிச்சம் பிடிக்கப் போய், அங்கோர் வாட்டிலிருந்து திரும்ப வழியில்லாமல் நிற்க வேண்டாம்.

இந்த விசாவை வியட்நாம் அரசின் தளத்தில் நீங்களே எடுத்துவிடலாம். தேடினால் அரசுத் தளம் போலவே தோற்றம் கொண்ட தனியார் தளங்கள்தான் முதலில் வரும், இரண்டு மூன்று மடங்கு பணம் கேட்கும். முகவரி அரசுக்கான gov.vn என்ற எழுத்துகளில் முடிகிறதா என்று மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று வேலை நாளில் வரும் என்று போட்டிருப்பார்கள், பத்து நாள் வைத்துக்கொள்ளுங்கள். 90 நாள் கணக்கு நீங்கள் படிவத்தில் எழுதும் தேதியிலிருந்து ஓடும், இறங்கும் நாளிலிருந்து அல்ல. அந்தத் தேதிக்கு முன்னால் உள்ளே போக முடியாது. உங்களுக்குத் தேவை ஆறேழு வாரம்தான், அதனால் பயணத் தேதிக்கு மூன்று நாள் முன்னதாகவே எழுதிவிடுங்கள். விமானம் மாறினாலும் பயமில்லை. ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் அந்த விசா செல்லாது, கட்டணமும் திரும்ப வராது.

எழுத்து என்றதும் நம் ஊர்ச் சங்கடம் நினைவுக்கு வருகிறது. நம்மில் பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும். அப்பா பெயர் இனிஷியலாகச் சுருங்கி எங்கேயோ ஒட்டிக்கொண்டிருக்கும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருபவர்களை ஏற்க மாட்டோம் என்றபோது தமிழ்நாட்டில்தான் அதிகம் கலங்கினார்கள். நீங்கள் போகும் நாடுகளில் அந்தத் தடை இல்லை. ஆனாலும் பாஸ்போர்ட் பக்கத்தின் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரிகள் இருக்கிறதே, அதில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியேதான் விசாவிலும் டிக்கெட்டிலும் இருக்க வேண்டும்.

உங்கள் பாஸ்போர்ட்டை முதலில் புதுப்பியுங்கள். இந்த நாடுகள் எல்லாம் நுழையும் நாளிலிருந்து ஆறு மாதம் மீதம் இருக்க வேண்டும் என்று கேட்பவை. ஆகஸ்ட் தொடக்கத்தில் முடியும் பாஸ்போர்ட் ஜனவரியில் மலேசியாவுக்குச் செல்லும், பிப்ரவரி நடுவில் எங்கேயும் செல்லாது. விமான நிலையக் கவுன்டரிலேயே நிறுத்திவிடுவார்கள். 36 பக்கத்துக்கு 1,500 ரூபாய், 60 பக்கத்துக்கு 2,000. இ-விசா பாஸ்போர்ட் எண்ணோடு பிணைந்தது என்பதால் புதுப் புத்தகம் வந்த பிறகுதான் மற்ற எல்லாம்.

இனி வரிசை. 2027 தைப்பூசம் ஜனவரி 22, வெள்ளிக்கிழமை. இந்தியர்களுக்கு மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் விசா விலக்கு தருகிறது, அதன் கெடு 2026 டிசம்பர் 31. நீங்கள் இறங்குவது அதற்கு மூன்று வாரம் கழித்து! இது யாரும் உங்களிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. நீட்டிக்கலாம். முந்தைய கெடு 2024 டிசம்பர் 31ல் முடிய இருந்தபோது அந்த வருடம் முடியும் தறுவாயில்தான் நீட்டிப்புச் செய்தி வந்தது. அதனால் திருச்சி - கோலாலம்பூர் டிக்கெட்டை முன்னதாகவே எடுங்கள், பூச நெரிசலில் விலை ஏறும். ஆனால் டிசம்பர் முதல் வாரத்தில் நீட்டிப்பு அறிவிப்பு இல்லையென்றால் காத்திருக்க வேண்டாம், மலேசிய இ-விசாவுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். விலக்கு வருவதற்கு முன் பலரும் அதில்தான் போனார்கள். அதற்கான பணத்தை இப்போதே தனியாக எடுத்து வையுங்கள். அறைகளை மட்டும் ரத்து செய்யக்கூடிய வகையில் பதிவு செய்யுங்கள்.

இறங்குவதற்கு மூன்று நாளுக்குள் மலேசியாவுக்கு ஒரு மின்வருகைப் படிவம் நிரப்ப வேண்டும். தாய்லாந்துக்கும் 2025 மே 1 முதல் இதே போல ஒன்று உண்டு. இரண்டும் இலவசம், காசு கேட்கும் தளம் போலி. பத்துமலைக்கு 272 படி. முழங்கால் எப்படி என்று நீங்கள் எழுதவில்லை. நெரிசலில் ஏற வேண்டாம், பூசத்துக்கு இரண்டு நாள் கழித்துக் காலையில் போய் நிதானமாக ஏறுங்கள். பூசத்தன்று அடிவாரத்தில் நின்று பார்ப்பதே போதும். பினாங்கையும் சேர்த்து மூன்று வாரம் மலேசியா.

பிப்ரவரி இரண்டாம் வாரம் தாய்லாந்து. 12 நாள். 60 முப்பதானாலும், பழையபடி 15 நாளுக்கே திரும்பினாலும் இந்தப் 12 உள்ளே அடங்கிவிடும். பாங்காக், சீலோம் சாலை மாரியம்மன் கோயில், அயுத்தயா. காஞ்சனபுரியை விட்டுவிடாதீர்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் இழுத்துச் சென்ற தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மாண்ட ரயில் பாதை இருக்கும் ஊர் அது. தங்கும் நாள் தாண்டினால் தலைக்கு நாளொன்றுக்கு 500 பாட் அபராதம். இறங்கிய நாளும் ஒரு நாளாகச் சேரும், இரவு பதினொன்றரைக்கு இறங்கினாலும்.

வியட்நாமை பிப்ரவரி 20க்கு மேல் தள்ளியதற்கும் காரணம் இருக்கிறது. அவர்களுடைய புத்தாண்டு, தெத், பிப்ரவரி 6 அன்று வருகிறது. அதையொட்டி ஒரு வாரத்துக்கு மேல் கடைகள் பாதி மூடியிருக்கும், ரயிலில் இடம் கிடைக்காது, அரசு அலுவலகமும் நடக்காது. ஆகவே இ-விசாவை ஜனவரி முதல் வாரத்தில், ஊரில் இருக்கும்போதே வாங்கி, இரண்டு பிரதி அச்செடுத்துக்கொள்ளுங்கள்.

தங்கலுக்கு டா நாங் நகரம் நல்லது. பிப்ரவரி கடைசியில் மழை விட்டு, மார்ச்சில் இதமாக இருக்கும். ஹனோயில் அப்போதும் குளிரும் தூறலும் விடாது, இளைப்புக்கு ஆகாது. பழைய சம்பா நாட்டு மன்னர்கள் கட்டிய மி சன் சிவன் கோயில்கள் டா நாங்கிலிருந்து ஒரு காலைப் பயணம். ஊருக்குள்ளேயே அந்தச் சம்பா நாட்டுச் சிற்பங்களின் அருங்காட்சியகம். ஆசிரியர்கள் இருவருக்கும் அங்கேயே ஒரு நாள் ஓடிவிடும். சமையலறையோடு மாத வாடகைக்கு அறைகள் கிடைக்கும். வீட்டுக்காரர் உங்கள் வருகையைக் காவல்துறையில் பதிவு செய்ய வேண்டும் என்பது அங்கே சட்டம். செய்வாரா என்று கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள்.

அங்கோர் வாட்டுக்குச் சாலை வழி வேண்டாம். தாய்லாந்து - கம்போடியா எல்லைச் சாவடிகள் 2025 ஜூனிலிருந்து மூடப்பட்டன, ஜூலையிலும் டிசம்பரிலும் சண்டையே நடந்தது. இடையில் திறந்தாலும் அதை நம்பித் திட்டம் போட மாட்டேன். வியட்நாமிலிருந்து அங்கோர் வாட் இருக்கும் சியெம் ரீப்புக்கு விமானத்தில் போய், நான்கைந்து நாளில் திரும்புங்கள். கம்போடிய விசா 30 டாலர், இ-விசாவாகவே எடுக்கலாம். அங்கோரின் மூன்று நாள் சீட்டு 62 டாலர், அந்த மூன்று நாளைப் பத்து நாளுக்குள் விட்டுவிட்டுப் பயன்படுத்தலாம் என்பது நம் வயதுக்காரர்களுக்கு வசதி. மார்ச் வெயில் கடுமை, பத்து மணிக்குள் அறைக்குத் திரும்பிவிடுங்கள்.

ஏஜென்ட் சொல்வதில் ஒன்று மட்டும் செய்யுங்கள், கோலாலம்பூர் டிக்கெட். மற்றவை பிறகு. திரும்பும் டிக்கெட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை: ஹோ சி மின் நகரிலிருந்து கோலாலம்பூர் வழியாகத் திருச்சிக்கு இரண்டு தனித்தனி டிக்கெட் போட்டால், பெட்டியை எடுத்து மறுபடி போடுவதற்காக மலேசியாவுக்குள் நுழைய வேண்டிவரும். விலக்கு முடிந்திருந்தால் அதற்கு இன்னொரு விசா. ஒரே டிக்கெட்டாக, பெட்டி நேரே திருச்சிக்கு வருகிற மாதிரி எடுங்கள். கொஞ்சம் கூடுதல் ஆகும், ஆகட்டும். திரும்பும் டிக்கெட் இருக்கிறது என்று கவுன்டரில் காட்ட, பதிவு செய்யாத 'சும்மா ஒரு டிக்கெட்' அச்சடித்துத் தருகிறேன் என்று ஏஜென்ட் சொன்னால் வேறு ஏஜென்டைப் பாருங்கள்.

மருந்து மூன்று மாதத்துக்கும் இங்கிருந்தே, மருத்துவர் சீட்டோடு, மருந்தின் பொதுப்பெயர் எழுதி. இன்ஹேலர் கைப்பையில். காப்பீட்டுப் படிவத்தில் இளைப்பை மறைக்காதீர்கள், பிரீமியம் ஏறினாலும் சரி.

உங்கள் துணைவியாரிடம் சொல்லுங்கள், வியட்நாமில் 'சாய்' என்று பலகை போட்ட கடை எல்லாம் சுத்த சைவம். பௌத்தர்கள் பலர் அவர்கள் மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம்தான், அன்று சாதாரணக் கடையிலும் கிடைக்கும். மற்ற நாளில் சாதாரணக் கடையில் காய்கறித் தட்டிலும் மீன் சாறு ஊற்றுவார்கள். பலகையைப் பார்த்து உள்ளே போங்கள்.