அம்மாவுக்குச் சுகர் ஏறினால் குழந்தைக்கு ஏன் இறங்குகிறது?

கேள்வி: கர்ப்பத்தில் எனக்குச் சுகர் இருந்தது, இன்சுலின் போட்டேன். ஐந்து நாளைக்கு முன் சிசேரியனில் மகன் பிறந்தான், 3.9 கிலோ. முதல் நாள் முழுக்க அவன் குதிகாலில் குத்திக் குத்தி ரத்தம் எடுத்தார்கள். ஒருமுறை 38 வந்தது; பால் கொடுத்த பிறகு 56 ஆனது. எனக்கு அதிகம், அவனுக்கு எப்படிக் குறைவு? அவனுக்கும் சர்க்கரை நோயா?

பதில்: இல்லை. உங்கள் ரத்தத்திலுள்ள சர்க்கரை நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். நீங்கள் போட்ட இன்சுலின் போகாது. வந்து குவியும் சர்க்கரையைச் சமாளிக்க அவனுடைய கணையமே கூடுதலாக இன்சுலின் சுரந்தது. 3.9 கிலோ எடைக்கும் பெரும்பாலும் அதுதான் காரணம். தொப்புள்கொடியை வெட்டியதும் சர்க்கரை வரத்து சட்டென்று நின்றுவிடுகிறது, இன்சுலின் மட்டும் உடனே குறைவதில்லை. அதனால்தான் பிறந்த ஓரிரு மணி நேரத்தில் அளவு நன்றாக இறங்கும். மூளைக்குச் சர்க்கரைதான் முக்கிய உணவு. வெளியே எதுவும் தெரியாமலேகூட அளவு குறையலாம். குத்தாமல் கண்டுபிடிக்க வழியில்லை.

38 குறைவுதான். ஆனால் உடனே கவனித்து, பால் கொடுத்தே சரியாகிவிட்டதால் பயப்பட வேண்டாம். திரும்பத் திரும்பவோ வெகுநேரமோ மிகவும் குறைந்து கிடந்தால்தான் வலிப்பு, மூளை பாதிப்பு என்று கவலைப்பட வேண்டும்.

அடுத்த முறை பிள்ளை பெற்றால், முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுத்துவிடுங்கள். 'சுகர் குறைவாம்' என்று கேட்டதும் வீட்டுப் பெரியவர்கள் சேனை வைக்கத் தேனோடு வருவார்கள். வேண்டாம்! ஒரு வயது வரை தேன் ஆபத்து.

கை கால் நடுங்கினால் அந்தக் கையை மெதுவாகப் பிடித்துப் பாருங்கள். பிடித்ததும் நின்றால் வெறும் நடுக்கம். அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். பிடித்தும் துடித்துக்கொண்டே இருந்தால் வலிப்பாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். துவண்டு கிடந்து பால் குடிக்க மறுத்தாலும் அப்படித்தான்.

இப்போதைக்கு மஞ்சள் காமாலையைக் கவனியுங்கள். இத்தகைய குழந்தைகளுக்குச் சிவப்பணுக்கள் கூடுதலாக இருக்கலாம், அவை உடையும்போது மஞ்சள் ஏறும். பகல் வெளிச்சத்தில் தோலை விரலால் அழுத்தி எடுத்துப் பாருங்கள். மஞ்சள் கால் வரை இறங்கியிருந்தால் அன்றே காட்டுங்கள்.

அப்புறம், உங்களுக்கு. பிரசவமாகி ஆறு வாரத்தில் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போகும் அதே வாரம்தான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிற அம்மாக்கள் தங்கள் ரத்தப் பரிசோதனையை மட்டும் மறந்துவிடுகிறார்கள்.