பல் பிடுங்குவதற்காகக் குளோபிடோக்ரெலை நிறுத்தலாமா?

வணக்கம் ஐயா. நான்கு மாதங்களுக்கு முன் இதய இரத்தக்குழாயில் ஸ்டென்ட் (அடைப்பை விரித்துவைக்கும் சிறு கம்பிவலைக் குழல்) வைத்துக்கொண்ட தங்கள் தந்தையார், கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவதற்காக இரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாத்திரைகளை 5 நாட்கள் தாமாகவே நிறுத்திவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளைகூட நிறுத்த வேண்டாம். மருந்து பூசிய ஸ்டென்டின் கம்பிவலையை இரத்தக்குழாயின் உட்சவ்வு மூடிக்கொள்ளப் பல மாதங்கள் ஆகும்; அதுவரை, மூடப்படாத உலோகத்தின் மீது இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஒட்டிக் கட்டியாகி, குழாயை அடைத்து மாரடைப்பை உண்டாக்கக்கூடும் என்பதால்தான் இரண்டு மாத்திரைகளும் பொதுவாக 6 முதல் 12 மாதங்கள் வரை சேர்த்துத் தரப்படுகின்றன. பல் குழியில் கசியும் இரத்தமோ, மடித்த பஞ்சுத்துணியை அழுத்திக் கடித்துக்கொண்டிருந்தாலே பெரும்பாலும் நின்றுவிடும். நிற்காவிட்டால் தையல் போடுவார்கள். சற்றுக் கூடுதல் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். பல் மருத்துவரிடம் மருந்துச் சீட்டைத் தவறாமல் காட்டுங்கள். வலிக்கு ஐபுபுரூஃபென் வேண்டாம்; அது ஆஸ்பிரினின் வேலையைக் கெடுக்கும், இரத்தக்கசிவையும் கூட்டும்.