ஒவ்வொரு தடவையும் வேறு பிழை: இஞ்சி பியர் கைக்கு வருமா?

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். சித்திரையில் இஞ்சி பியர் போட ஆரம்பித்து இதுவரை நான்கு தடவை செய்துவிட்டாராம். முதல் தடவை கண்ணாடிப் போத்தல் வெடித்து குசினி முழுக்கச் சிதறியது. அதற்குப் பிறகு பிளாஸ்டிக் போத்தல். இரண்டாம் தடவை, ஆனி மழையில், காஸே இல்லை, வெறும் சீனித்தண்ணி. மூன்றாம் தடவை எண்ணெய் மாதிரித் தடித்து நூல் விட்டது. நான்காம் தடவை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாராம், காஸ் நன்றாக வந்தது, ஆனால் இஞ்சிக் காரம் இல்லை. "ஒவ்வொரு முறையும் வேறு வேறு பிழை. கடையில் வாங்கினால் என்ன என்கிறார் வீட்டுக்காரர். எனக்கு இது சரிவராதா? வேறு செய்முறை பார்க்கவா?"

வேறு செய்முறை வேண்டாம். ஒரே பிழை நான்கு தடவை வந்திருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன். உங்களுக்கு வெடித்தது, பிறகு வெடிக்கவில்லை. காஸ் இல்லாமல் போனது, பிறகு வந்தது. நூல் விட்டது, அதுவும் நின்றுவிட்டது. இப்போது மிச்சம் இருப்பது காரம் மட்டும், அது இருப்பதிலேயே லேசான வேலை. நாலாவது தடவையில் நான் இவ்வளவு தூரம் வந்திருக்கவில்லை, உண்மையைச் சொன்னால்.

என் முதல் வருடத்தில் ஒரு தடவை தேவாமிர்தமாக வந்தது. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் இன்னொரு கிளாஸ் கேட்டார்கள். அதை எப்படிச் செய்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, ஏனென்றால் ஒன்றையும் எழுதி வைக்கவில்லை, அடுத்த மூன்று மாதமும் அதே ருசியைத் தேடித் தேடி சீனியையும் இஞ்சியையும் வீணாக்கியதுதான் மிச்சம். அதிர்ஷ்டத்தில் வந்த அந்தப் போத்தலைவிட, பிறகு ஒரு நாள் "இது இன்னும் இறுகவில்லை, நாளைக்குக் காலையில்தான்" என்று கையால் அமுக்கிப் பார்த்துச் சொல்லி, சொன்னபடியே ஆனதே, அந்தக் காலைதான் எனக்குப் பெரிய சந்தோஷம்.

சரி, உங்கள் விஷயம். முதல் மூன்று பிழைக்கும் வேர் பெரும்பாலும் ஒன்றுதான்: சூடு. நீங்கள் பார்த்த செய்முறையில் "மூன்று நாள் வையுங்கள்" என்று இருந்திருக்கும். யாருடைய வீட்டில் மூன்று நாள்? கண்டியில் எழுதியவருக்கு அறை 25 பாகை இருக்கும். ஆனி ஆடிக் காற்றிலும் மழையிலும் தலவாக்கலை லயத்துக் காம்பராவில் 16, 17 பாகைக்கு இறங்கிவிடும், அந்தக் குளிரில், சீனியைத் தின்று காஸ் விடும் ஈஸ்ட் பாதி வேகத்தில்கூட வேலை செய்யாது. நீங்கள் மூன்றாம் நாள் திறந்திருப்பீர்கள், ஆறாம் நாள் திறந்திருந்தால் காஸ் இருந்திருக்கும். சித்திரை வெயிலில் இதற்கு நேர்மாறாக நடந்தது. (நுவரெலியாவில் 19ஆம் நூற்றாண்டிலேயே வெள்ளைக்காரர்கள் பியர் ஆலை வைத்ததற்கு இந்தக் குளிரும் நல்ல தண்ணீரும் காரணம் என்பார்கள். அவர்களுக்கு வரம், நமக்கு இடைஞ்சல். நீங்களும் நிஜ பியர் போடலாமா என்று யோசித்தால், 1912ஆம் ஆண்டு மதுவரிக் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுபானம் செய்வது குற்றம், அந்தப் பக்கம் போகவேண்டாம்.)

வெடித்த கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு லீட்டரில் 4 கிராம் சீனி புளித்தால் ஏறக்குறைய ஒரு லீட்டர் காஸ் வரும். கடைச் சோடாவில் இருப்பது அதைப்போல் மூன்று நான்கு மடங்கு. ஆக 10 முதல் 15 கிராம் சீனி புளித்தால் நமக்குப் போதும். ஆனால் நாம் இனிப்புக்காக லீட்டருக்கு 80 கிராம் போடுகிறோம். மிச்சச் சீனியும் புளிக்க ஆரம்பித்தால் போத்தலுக்குள் 20 லீட்டர் காஸ் வரை போக இடம் இருக்கிறது, எந்தக் கண்ணாடி தாங்கும்? அதனால் சோடா வந்த பிளாஸ்டிக் போத்தல்தான், அது இறுகி உங்களுக்குச் சொல்லிவிடும். கல் மாதிரி இறுகியதும் ஃபிரிட்ஜில் வையுங்கள், இரண்டு மூன்று நாளில் குடித்து முடியுங்கள். ஃபிரிட்ஜ் புளிப்பை மெதுவாக்கும், நிறுத்தாது. 10 கிராம் புளித்தால் மதுசாரம் அரை வீதத்தைக் கொஞ்சம் தாண்டும், வைக்க வைக்க இன்னும் ஏறும். பிள்ளைகளுக்குக் கொடுப்பவர்கள் இதை மறக்கவேண்டாம்.

நூல் விட்டது வேறு ஆள் செய்த வேலை. இஞ்சித் தோலில் ஈஸ்ட் மட்டுமா இருக்கிறது, பக்டீரியாவும் இருக்கிறது. அதில் லியூகோனொஸ்டொக் என்று ஒன்று சீனியைச் சாப்பிட்டு டெக்ஸ்ட்ரான் என்ற பசையை விடும். குளிரில் ஈஸ்ட் தூங்கும்போது அதற்குக் கொண்டாட்டம். இஞ்சி உறையில் (இஞ்சியும் சீனியும் தண்ணீரும் சேர்த்துப் புளிக்கவைத்த கலவை; தயிருக்கு உறை ஊற்றுவோமே, அதே கணக்கு) பாதியைக் கொட்டிவிட்டு, தினமும் ஒரு மேசைக்கரண்டி தோலோடு துருவிய இஞ்சியும் ஒரு மேசைக்கரண்டி சீனியும் போட்டு, சூடான இடத்தில் ஒரு வாரம் வைத்தால் அநேகமாகத் தெளிந்துவிடும். மேலே பூஞ்சணம் பிடித்தாலோ கெட்ட வாடை வந்தாலோ இரக்கமே பார்க்காமல் கொட்டுங்கள். பீலித் தண்ணீரென்றாலும் கொதிக்க வைத்து ஆறவைத்துத்தான் சேர்க்கவேண்டும்.

அடுப்படி நல்ல யோசனை, ஆனால் அடுப்பு எரியும்போது ஒரு சூடு, ராத்திரியில் ஒரு சூடு. மீன்காரர் வைத்திருப்பாரே, அந்த ரெஜிபோம் பெட்டி ஒன்று கிடைத்தால் உள்ளே சுடுதண்ணீர்ப் போத்தல் ஒன்றையும் சேர்த்து மூடிவையுங்கள், காலையும் மாலையும் தண்ணீரை மாற்றினால் சூடு அவ்வளவாக ஏறி இறங்காது. ஒரு சின்ன வெப்பமானி வாங்குங்கள். வேறு எந்தச் சாமானுக்கும் காசு செலவழிக்கத் தேவையில்லை.

இப்போது காரம். நீங்கள் இஞ்சி முழுவதையும் நெடுநேரம் அவித்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பச்சை இஞ்சியின் காரம் ஜிஞ்சரோல், அவிக்க அவிக்க அதில் ஒரு பங்கு சிஞ்சரோனாக மாறும், அது மணமும் இனிப்புமாக இருக்கும், நாக்கில் சுரீரென்று ஏறாது. இரண்டு லீட்டருக்கு 150 கிராம் இஞ்சி என்றால் பாதியைச் சீனியோடு 10 நிமிடம் அவியுங்கள், மற்றப் பாதியை இடித்துப் பிழிந்து, தண்ணீர் நன்றாக ஆறிய பிறகு, தேசிக்காய்ச் சாறும் வடித்த உறை அரைக் கோப்பையும் விடும்போது அதையும் விடுங்கள். சந்தையில் தடித்தடியாகப் பளபளவென்று இருக்கும் சீன இஞ்சியை எடுக்காதீர்கள். சின்னதாக, நார் நாராக இருக்கும் நாட்டு இஞ்சிக்குத்தான் காரம்.

ஐந்தாவது தடவைக்கு இஞ்சியை மட்டும் மாற்றுங்கள். சீனி, உறை, இடம், போத்தல் எல்லாம் நாலாவது தடவை மாதிரியே இருக்கட்டும், ரெஜிபோம் பெட்டியைக்கூட ஆறாவது தடவைக்கு வையுங்கள், இல்லாவிட்டால் எது எதனால் வந்தது என்று தெரியாது. பிள்ளைகளின் பழைய கொப்பி ஒன்றில் திகதி, வைத்த இடத்தின் சூடு, எத்தனையாம் நாள் இறுகியது, ருசி எப்படி என்று நாலு வரி எழுதுங்கள். திறக்கும்போது மூடியை ஒரேயடியாகத் திருகாமல் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். முதல் கிளாஸை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் நில்லுங்கள், அவர் முகத்தைப் பார்த்து ஐந்தாவது வரியையும் எழுதிக்கொள்ளலாம்.